6/6 என்றால் முழு மார்க்கா?

கேள்வி: கண் பரிசோதனையில் எனக்கு 6/6 என்று எழுதிக் கொடுத்தார்கள். இதைவிடக் கூர்மையான பார்வை கிடையாதா? அவ்வளவு தள்ளி இருக்கிற நட்சத்திரம் தெரிகிறது, எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரின் பொடி எழுத்து தெரியவில்லையே, ஏன்?

பதில்: 6/6 என்பது பாஸ் மார்க், அவ்வளவுதான். பின்னத்தைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு போலத் தோன்றும், அது உங்கள் தப்பில்லை. மேலே இருக்கும் 6 நீங்கள் உட்கார்ந்த தூரம், மீட்டரில். கீழே இருப்பது, குறையில்லாத கண் உள்ளவர் அதே வரியை எத்தனை மீட்டரிலிருந்து படிப்பார் என்பது. 1862-ல் ஸ்நெல்லன் என்ற டச்சு கண் மருத்துவர் கொண்டுவந்த எழுத்துப் பலகையின் வழி வந்த கணக்கு இது. 6/6 வரியில் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கோடுகளுக்கு நடுவே உள்ள சந்து 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சந்து உங்கள் கண்ணில் பிடிக்கும் இடத்தைக் கோணத்தில் சொன்னால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.

இளவயதில் பலர் 6/5, 6/4 வரிகளையும் சர்வசாதாரணமாகப் படித்துவிடுவார்கள். 6/3-ஐ நெருங்கும்போது கதை முடிந்துவிடும், ஏனென்றால் விழித்திரையின் நடுக்குழியில் ஒளியை உணரும் கூம்பு செல்கள் அதற்கு மேல் நெருக்கமாக இல்லை, கண்மணி வழியாக நுழையும் ஒளியும் சற்றுப் பரவித்தான் விழுகிறது. எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்த செல்களை நெருக்கி உட்கார வைக்க முடியாது.

சரி, நட்சத்திரம். ஒரு பொருள் 'இருக்கிறது' என்று தெரிவது வேறு, இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது வேறு. முதலாவதற்குப் போதுமான வெளிச்சமோ நிற வேறுபாடோ இருந்தால் போதும், அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வெளிச்சமான ஜன்னல் கண்ணாடியில் ஒரு தலைமுடியை ஒட்டிவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், தெரியும். நான் சொன்ன அந்த அறுபதில் ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூட அதன் அகலம் இல்லை. அதன் பக்கத்திலேயே அரை மில்லிமீட்டர் விட்டு இன்னொரு முடியை ஒட்டினால்? ஒற்றை முடியாகத்தான் தெரியும். காலண்டரிலும் இதேதான் நடக்கிறது: எழுத்தின் கறுப்பு உங்கள் கண்ணுக்கு வந்துவிட்டது, கோடுகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளைதான் வரவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு கோட்டை நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியைத் துளியூண்டு நகர்த்தி வைத்தால், அந்த விலகலை நாம் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறோம், அதுவும் பிரித்தறியும் எல்லையைவிடப் பல மடங்கு சின்ன விலகலை. பல செல்களிலிருந்து வரும் தகவலை மூளை சேர்த்துக் கணக்குப் போட்டு இடத்தைத் தீர்மானிக்கிறது. நுணுக்கமாக அளக்க உதவும் வெர்னியர் அளவுகோலில் கோடும் கோடும் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அது இந்தத் திறமையை நம்பித்தான்.

அப்புறம், இந்தக் கூர்மையெல்லாம் கையை நீட்டிப் பிடித்தால் தெரிகிற கட்டைவிரல் நக அகலத்துக்குத்தான். நம்பிக்கை இல்லையென்றால் இந்த வரியின் முதல் சொல்லையே முறைத்துக்கொண்டு, கண்ணை அசைக்காமல் கடைசிச் சொல்லைப் படித்துப் பாருங்கள்.