பிரியாணியா, பழைய சோறா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். எனக்கு 66 வயது. காலையில் நீராகாரம் குடித்தே வளர்ந்தவள். சென்னையிலிருந்து வந்திருக்கும் மருமகள் “எல்லாம் கிருமி அத்தை” என்று அதைக் கொட்டிவிடுகிறாள். முற்றம்வரை கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறாள். போன வாரம் 4 வயதுப் பேரனுக்கு வாந்தி, பேதி. மருந்துக்கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கால் பேதி கூடியதுதான் மிச்சம். என் பழைய சோற்றில் ஒரு வாய் தின்றதுதான் காரணம் என்கிறாள். ராத்திரி முழுக்க வெளியே இருந்த பிரியாணியையும் அவன் சூடாக்கித் தின்றான். எது காரணம்?

பதில்: ஆச்சி, பேரனைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சாதாரண வைரஸாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டில் ஒன்றைக் கூண்டில் ஏற்றச் சொன்னால், பிரியாணியைத்தான் ஏற்றுவேன்.

வயல் மண்ணிலிருந்தே அரிசியோடு ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியா ஒன்று உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். சோறு கொதித்தாலும், கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வித்துகள் சாவதில்லை. அண்டாவில் குவிந்த பிரியாணியின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

உங்கள் பழைய சோற்றின் கதை வேறு. தண்ணீர் ஊற்றியதும் சோறு சீக்கிரம் ஆறிவிடுகிறது. அப்புறம் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதை இரவோடிரவாகப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட கிருமிகளால் பெருக முடியாது. இட்லி மாவு பொங்குவதும் இதே கூட்டத்தால்தான். அந்த உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். அதற்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கிக் கொடுப்பதும் பாக்டீரியாதான். மருமகளிடம் சொல்லுங்கள், கிருமி இல்லாவிட்டால் இட்லியே இல்லை!

சரி, இப்போது உங்களுக்கும் ஒரு குட்டு. சோற்றில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஊருணித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தாலும் கழிவு கலந்திருந்தால் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதில் இருக்கலாம். கொதித்து ஆறிய நீரையே ஊற்றுங்கள். காலையிலேயே குடித்துவிட வேண்டும். வழுவழுத்தாலோ வாடை மாறினாலோ மருமகளுக்கு முன் நீங்களே கொட்டிவிடுங்கள்.

முற்றத்துக்கு வெயிலும் விளக்குமாறும் போதும். கிருமிநாசினி கழிவறைக்கும் வாந்தி பட்ட இடத்துக்கும்தான். மருமகள் கவனிக்க வேண்டியது கோழிக்கறியை. பச்சைக் கறியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் நீரில் சால்மொனெல்லா என்ற பேதிக் கிருமி பக்கத்துப் பாத்திரத்துக்குப் போய்விடும். கறி நறுக்கிய அரிவாள்மனையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரியவும் கூடாது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். சிறுபிள்ளைகளின் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, அதுவே பேதியைக் கூட்டிவிடும். அடுத்த முறை ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு, சர்க்கரைப் பொடியைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சி, தயிர்சாதம், வாழைப்பழத்தை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்தை மருத்துவரிடம் கேட்டு 14 நாள் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குடிக்கக்கூட முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் மாமியார் மருமகள் வழக்கை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.