அபராதம் வண்டிக்கு, புள்ளி ஆளுக்கு
வாசகர் கேள்வி பதில்: வெளிநாட்டுச் சாலையும் நம்ம ஊர் லைசென்ஸும்

என் தம்பி போலந்தில் டிரெய்லர் ஓட்டறானுங்க. அந்த ஊர் லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் செல்போன் பிடிச்சதுக்கு 12 புள்ளி, அப்புறம் வேகத்துக்கு 5 புள்ளி. முதல் அபராதத்தை அப்பவே கட்டிட்டான். ரெண்டாவதை ஊருக்கு வந்துட்டுப் போய்க் கட்டிக்கலாம்னு விட்டு வெச்சிருக்கான். ஒரு வருஷம் போனா எல்லாம் தானா அழிஞ்சிடும்ங்கறான். இப்ப ஜெர்மனிக்கும் லோடு போறான். அவன் கணக்கு சரிங்களா?
வாசகர், திருச்செங்கோடு

பாதிதான் சரி. போலந்தில் ஒவ்வொரு தப்புக்கும் லைசென்ஸ் கணக்கில் ஏற்றும் தண்டனைப் புள்ளி ஒரு வருடத்தில் அழிவது உண்மை. ஆனால் அந்த வருடம் தப்பு நடந்த நாளிலிருந்து ஓடாது, அபராதம் கட்டிய நாளிலிருந்துதான் ஓடும். வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தால் தீர்ப்பு உறுதியான நாளிலிருந்து ஓடும். 2023 செப்டம்பர் 17 முதல் இந்த நடைமுறை. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் இந்தக் கெடு இரண்டு வருடமாக இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்லிக் குழப்புவார்கள். ஆகவே செல்போன் 12 புள்ளி கட்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்தில் போய்விடும். வேகத்துக்கான 5 புள்ளிக்கு நாளே இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் கட்டச் சொல்லுங்கள். போலந்து முகவரி உள்ளவர்களுக்கு எழுதித் தரும் சலானுக்கு 7 நாள்தான் கெடு. நிரந்தர முகவரி இல்லாத வெளிநாட்டவர் என்றால் அந்த இடத்திலேயே ரொக்கமாகவோ கார்டிலோ கட்டியாக வேண்டும்.

வரம்பு 24 புள்ளி. சரியாக 24 இருந்தால் லைசென்ஸ் தப்பும், 25 ஆனால் மறுபடி பரீட்சையும் உளவியல் சோதனையும். லைசென்ஸ் வாங்கி முதல் வருடத்தில் இருப்பவருக்கு வரம்பு 20 மட்டுமே, அதைத் தாண்டினால் லைசென்ஸே போய்விடும். உங்கள் தம்பி இப்போது 17-இல் இருக்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 26 முதல் 30 கிலோமீட்டர் வரை கூடுதலாகப் போனால் 7 புள்ளி, மொத்தம் 24, தப்பித்தார். 31 கூடுதலாகப் போனால் 9 புள்ளி, மொத்தம் 26, முடிந்தது.

3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு அங்கே ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே நடுவில் தடுப்பில்லாத சாதாரண சாலையில் 70, எக்ஸ்பிரஸ் சாலையிலும் மோட்டார்வேயிலும் 80. பெரும்பாலான டிரைவர்கள் மாட்டுவது அந்த 70-இல்தான். பக்கத்தில் கார்கள் 90-இல் போகும், நாமும் அதே ஓட்டத்தில் போய்விடுவோம். 92-இல் பிடித்தால் 22 கூடுதல்: 300 ஸ்லோட்டி (போலந்து நாணயம்), 5 புள்ளி. 31-இலிருந்து 40 வரை கூடுதல் என்றால் 800 ஸ்லோட்டி. அந்த வகைத் தப்பை இரண்டு வருடத்துக்குள் மறுபடி செய்தால் அபராதம் இரட்டிப்பாகி 1,600. ஊருக்குள் 50-க்கு மேல் கூடுதலாகப் போனால் குறைந்தது 13 புள்ளியோடு லைசென்ஸை மூன்று மாதம் பிடித்து வைத்துவிடுவார்கள். டிரைவர் வேலையில் இருப்பவருக்கு மூன்று மாதம் வண்டி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நாமக்கல் பக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை புள்ளி இருக்கிறது என்று ஞாபகத்தில் கணக்குப் போட வேண்டாம். பெசெல் எனப்படும் போலந்து அடையாள எண்ணும் அரசு இணையக் கணக்கும் இருந்தால் போனிலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் எந்தக் காவல் நிலையத்திலும் வாய்மொழியாகக் கேட்கலாம், காசில்லை. எழுத்தில் சான்று வேண்டுமென்றால் 17 ஸ்லோட்டி. பட்டியலில் சில பதிவுகள் தற்காலிகம் என்று இருக்கும். அவை இன்னும் முடிவாகாத வழக்குகள், ஆனாலும் வரப்போகிறவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து 6 புள்ளி குறைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வரம்பைத் தாண்டிய பிறகு போய் உட்கார்ந்தால் பயனில்லை. எந்தத் தப்பின் புள்ளி குறையும், எது குறையாது என்று பணம் கட்டும் முன் மையத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. போலீஸ்காரர் நீட்டும் சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது முடிந்த விஷயம். ரத்து செய்யக் கேட்க 7 நாள் இருக்கிறது என்பார்கள், ஆனால் அது அந்தச் செயல் குற்றமே இல்லை என்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே. “நான் அவ்வளவு வேகம் போகவில்லை” என்ற வாதத்தை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையிலேயே தகராறு இருந்தால் வாங்க மறுக்க வேண்டும், விஷயம் கோர்ட்டுக்குப் போகும். மொழி தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் நம்ம பையன்கள் அதிகம் செய்யும் தப்பு.

கேமராவில் பட்டால் கடிதம் வண்டி உரிமையாளரான கம்பெனிக்குப் போகும். யார் ஓட்டியது என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். கம்பெனி அபராதத்தைக் கட்டிச் சம்பளத்தில் பிடித்தால், யார் பெயரில், எந்தத் தேதியில் கட்டியது என்று காட்டும் ரசீதின் நகலைத் தம்பி கையில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதானே ஒரு வருடம் ஓடும்!

இனி ஜெர்மனி. அங்கே வாங்கும் புள்ளி போலந்தின் 24-இல் சேராது; ஐரோப்பிய நாடுகளுக்குள் புள்ளியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. ஆனால் ஃபிளென்ஸ்பர்க் நகரில் உள்ள ஜெர்மன் பதிவேட்டில் போலந்து லைசென்ஸ்காரருக்கும் தனியாகக் கணக்கு ஏறும். அங்கே வரம்பு 8. எட்டைத் தொட்டால் ஜெர்மனிக்குள் வண்டி ஓட்டும் உரிமை போகும். 60 யூரோவுக்குக் கீழான சின்ன அபராதத்துக்குப் புள்ளி இல்லை. செல்போனுக்கு 100 யூரோ, 1 புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளி அழிய இரண்டரை வருடம். அபராத உத்தரவு வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எதிர்ப்புக் கடிதம் தராவிட்டால் அது உறுதியாகிவிடும். கட்டாமல் போலந்துக்கு வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்: 70 யூரோவும் அதற்கு மேலும் உள்ள தொகையை அங்கிருந்தே வசூலிக்க ஐரோப்பிய ஒன்றிய விதி இருக்கிறது.

மகள் லண்டன் பக்கத்தில் நர்ஸா இருக்குதுங்க. இங்க ஈரோட்டில எட்டு வருஷம் கார் ஓட்டின புள்ள. போன நவம்பர்ல அந்த ஊர் டெஸ்ட் பாஸாச்சு. 30 மைல் ரோட்டில 37 போனதா கடிதம் வந்திருக்கு. 3 புள்ளிதானே, கட்டிட்டு விட்டுடலாமுங்களா?
வாசகி, பெருந்துறை

கட்டிவிடாதீர்கள் அம்மா, முதலில் வகுப்பு கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 30 மைல் சாலையில் 35 முதல் 42 வரை போனவர்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு வகுப்பு பொதுவாகத் தரப்படும், கடந்த மூன்று வருடத்தில் ஏற்கெனவே போயிருக்கக் கூடாது. வகுப்புக்குப் போனால் புள்ளியே ஏறாது. கட்டினால் 100 பவுண்டும் 3 புள்ளியும்.

மற்றவருக்கு மூன்று வருடத்தில் 12 புள்ளி வரம்பு என்றால், உங்கள் மகளுக்கு டெஸ்ட் பாஸான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு வெறும் 6. ஈரோட்டு எட்டு வருடம் அங்கே கணக்கில் வராது. செல்போனைக் கையில் எடுத்தாலே 200 பவுண்டு, 6 புள்ளி. ஒரே தடவையில் லைசென்ஸ் ரத்தாகி, எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் மறுபடி முதலிலிருந்து.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது, வாடகை வீடு மாறுவது. கேமரா நோட்டீஸ் 14 நாளுக்குள் வண்டிப் புத்தகத்தில் உள்ள முகவரிக்கு வரும். யார் ஓட்டினார்கள் என்று 28 நாளுக்குள் பதில் போட வேண்டும். பழைய வீட்டு வாசலில் கடிதம் கிடந்து பதில் போகாவிட்டால், வேகத்துக்கு 3 புள்ளி என்பது பதில் தராததற்கு 6 புள்ளியாக மாறும். வீடு மாறினால் லைசென்ஸிலும் வண்டிப் புத்தகத்திலும் முகவரியைத் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

துபாயில் பையனுக்கு 20 பிளாக் பாயிண்ட். இந்தியாவுக்கு வந்தா இங்க லைசென்ஸைப் பாதிக்குமா?
வாசகர், கோபி

பாதிக்காது. அங்கே 24 சேர்ந்தால் முதல் தடவை மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம், இரண்டாம் தடவை ஆறு மாதம். இன்னும் 4 புள்ளிதான் பாக்கி. செல்போனுக்கும் 4, சீட் பெல்ட் போடாததற்கும் 4. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12. அபராதம் பாக்கி இருந்தால் வண்டியின் முல்கியாவை, அதாவது பதிவு அட்டையைப் புதுப்பிக்க முடியாது. நண்பர் லைசென்ஸில் புள்ளியை ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் பனியன் கம்பெனியில் மெஷின் அமைக்க வந்த போலந்துக்காரர் ஒரு வருடம் இங்கேயே இருக்கப் போகிறார். கம்பெனி காரைத் தானே ஓட்டுகிறார். அவினாசி ரோட்டில் சிக்னல் தாண்டியதாக கம்பெனி நம்பருக்கு இ-சலான் வந்தது. இது அவர் ஊரில் புள்ளியாகச் சேருமா என்று பயப்படுகிறார்.
வாசகர், திருப்பூர்

அவர் பயப்பட ஒன்றுமில்லை, பயப்பட வேண்டியது நீங்கள்தான். இந்தியச் சலான் போலந்துப் பதிவேட்டுக்குப் போகாது. இங்கே சலான் ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு, அதாவது கம்பெனிக்கு வரும். கட்டாமல் விட்டால் வண்டிக்கான ஆர்.டி.ஓ. வேலைகள் எல்லாம் தடைபடும்.

அவர் எந்த லைசென்ஸில் ஓட்டுகிறார் என்று பாருங்கள். போலந்து லைசென்ஸ் மட்டும் பாக்கெட்டில் இருந்தால் போதாது. அங்கே வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அனுமதி முடிந்த பிறகும் சாவியைக் கொடுத்தால் ஓட்டியவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 181-ஆம் பிரிவில் 5,000 ரூபாய், கொடுத்த உரிமையாளருக்கு 180-ஆம் பிரிவில் தனியாக 5,000. அது சின்னச் செலவு. விபத்து நடந்து, செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் இழப்பீடு மொத்தமும் உங்கள் கம்பெனி தலையில்.

ஒரு வருடம் தங்குபவர் இங்கேயே லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட், விசா, தங்குமிடச் சான்று கொண்டு எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து, எல்.எல்.ஆர். செல்லும் ஆறு மாதத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் ஊரில் சாலையின் வலப்பக்கம் போய்ப் பழகியவர். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நம்ம டிரைவர் ஒருவர் உட்காரட்டும். ரவுண்டானாவில்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகும்.

மகன் கனடாவில். கார் அவன் பேரில், ஓட்டறது நாங்க. வாட்ஸ்அப்பில் “ஆர்.டி.ஓ. சலான்” என்று ஒரு ஃபைல் வந்திருக்கு. பாலக்காடு அடிக்கடி போய் வர்றதால நிஜமா இருக்குமோன்னு சந்தேகம்.
வாசகர், பொள்ளாச்சி

ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். அது உங்கள் போனுக்குள் புகுந்து ஓ.டி.பி.க்களைப் படிக்கும் திருட்டு ஆப். அரசு எந்தச் சலானையும் ஆப்பாக அனுப்புவதில்லை. ஏற்கெனவே நிறுவிவிட்டிருந்தால் உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, வேறு போனிலிருந்து சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். கேரள எல்லை தாண்டினால் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் வேலை செய்கின்றன, சீட் பெல்ட் இல்லாவிட்டால் அங்கே 500 ரூபாய், இங்கே 1,000. ஆகவே நிஜமாகவே ஒன்று இருக்கவும் கூடும்.

பார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கி மாடலையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். நம்பர் பிளேட்டில் அழுக்கு இருந்தால் ஒரு எழுத்து மாறி வேறு வண்டியின் தப்பு உங்கள் கணக்கில் விழும். அப்படியானால் கட்டாமல், அதே தளத்தில் ஆர்.சி. நகலையும் காரின் படத்தையும் சேர்த்துப் புகார் போடுங்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

மகனின் பழைய இந்திய நம்பர்தான் ஆர்.சி.யில் இருக்கும், அது செத்துப்போயிருக்கும். சலான் வந்ததும் தெரியாது, ஓ.டி.பி.யும் வராது. அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகன் தளத்திலோ பொள்ளாச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ உங்கள் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். காரை விற்பதாக இருந்தால் 29, 30-ஆம் படிவங்களில் மகன் கையெழுத்து வேண்டும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியை மட்டும் கொடுத்தால், ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை வாங்கியவர் செய்யும் விபத்துக்கும் மகனே பொறுப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.