கவுனைத் தாங்குவது தோள் அல்ல

கேள்வி: என் மகளுக்கு வருகிற மே மாதம் மாதா கோவிலில் திருமணம். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தோளில் பட்டையே இல்லாத ‘ஸ்ட்ராப்லெஸ்’ கவுன்தான் வேண்டும் என்று கைப்பேசியில் படத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறாள். என் நாத்தனாரோ, “பீடத்துக்கு முன்னால் இப்படி நிற்பதுதான் நம் பண்பாடா? வேதம் என்ன சொல்கிறது?” என்கிறார். வீட்டில் தினமும் சண்டை. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், தூத்துக்குடி.)

பதில்: கவுன் போடப்போவது உங்கள் மகள், தீர்ப்புச் சொல்ல வேண்டியது நானா? சரி, கேட்டுவிட்டீர்கள்.

பண்பாட்டிலிருந்தே தொடங்குவோம். வெள்ளைக் கவுனே நம் ஊர்ச் சரக்கு அல்ல. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசி வெள்ளைப் பட்டும் ஹானிட்டன் லேஸும் அணிந்து மணமுடித்தார். வெள்ளை மோகம் பெரிதாகப் பரவியது அதற்குப் பிறகுதான். அந்தக் கவுனின் கழுத்தும் தோளை விட்டு இறங்கியதுதான். நம் பாட்டிமார் வெள்ளைப் புடவை கட்டி, தலையில் நெட் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனார்கள். புடவை கவுனாக மாறிய அன்று வாய் திறக்காத பண்பாடு, பட்டை காணாமல் போன அன்று மட்டும் விழித்துக்கொள்கிறது.

நாத்தனாருக்கும் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். 1884இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் ஜான் சிங்கர் சார்ஜன்ட் ஒரு சீமாட்டியின் படத்தை வைத்தார். கறுப்புக் கவுனின் ஒரு பக்கப் பட்டை தோளிலிருந்து நழுவியிருந்தது. அவ்வளவுதான், ஊரே கொந்தளித்தது. படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தப் பெண்ணின் தாயார் கெஞ்சினார். ஓவியர் பிறகு பட்டையைத் தோளுக்கு ஏற்றி வரைந்துவிட்டார். ஆக, உங்கள் வீட்டுச் சண்டை பாரிஸிலேயே நடந்து முடிந்த சண்டை.

வேதத்துக்கு வருவோம். நாத்தனார் மனதில் வைத்திருப்பது பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் என்று நினைக்கிறேன். பெண்கள் அடக்கத்தோடு உடுத்த வேண்டும் என்று அங்கே இருப்பது உண்மைதான். அதே வசனத்தில் பின்னல் அலங்காரம், தங்கம், முத்து, விலையுயர்ந்த உடை எதுவும் வேண்டாம் என்றும் இருக்கிறது. மகளுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தூத்துக்குடியில் இருந்துகொண்டு முத்தை விட்டுவிடுவீர்களா என்றும் தெரியவில்லை. வசனத்தைப் பாதியில் நிறுத்துவதானால், எந்தப் பாதியில் என்று நாத்தனாரிடமே கேளுங்கள்.

இனி மகளுக்கு. பட்டை இல்லாத கவுன் படத்தில் நிற்கும். படத்தில் இருப்பவள் அசையமாட்டாள். போன ஆண்டு ஒரு திருமணத்தில் பார்த்தேன்: தாலி கட்டி முடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் மணப்பெண் பூங்கொத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் அக்குளுக்குக் கீழே நுழைத்துக் கவுனை மேலே இழுத்துவிட்டாள். ஒரு தடவை அல்ல, நான் எண்ணியவரை ஏழு தடவை. பாவம், பூசையில் அவள் மனம் எங்கே இருந்திருக்கும்?

அந்தக் கவுனில் குறை மேலே இல்லை, இடுப்பில் இருந்தது. இந்த வகைக் கவுனைத் தாங்குவது மார்பு அல்ல, இடுப்பும் விலாவும்தான். உள்பக்கம் இடுப்பைச் சுற்றி, நீளாத கெட்டி நாடா ஒன்று தனிக் கொக்கியோடு இருக்க வேண்டும். முதலில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுப் பிறகுதான் ஜிப்பை ஏற்றுவார்கள். பாவாடையின் கனம் முழுவதும் அந்த நாடாவில் உட்கார்ந்துவிடும். மேல் பகுதி மடங்காமல் நிற்பதற்குத் தையலுக்குள் எஃகு அல்லது பிளாஸ்டிக் பட்டைகள் செருகியிருப்பார்கள். கடையில் கவுனை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நாடா இல்லை, மேல் விளிம்பில் வழுக்காத சிலிக்கான் பட்டை மட்டும் இருக்கிறது என்றால் வாங்க வேண்டாம். மே மாதத்துத் தூத்துக்குடி வியர்வையில் அது எத்தனை நேரம் பிடித்துக்கொள்ளும்?

இன்னொன்று, மாலை. கவுன் தைக்கிற தேசத்தில் மணப்பெண் கழுத்தில் மாலை விழுவதில்லை. நம் ஊரில் விழும். ஈர ரோஜா, நார், நடுநடுவே ஜரிகை. வெறும் தோளில் அரை மணி நேரம் கிடந்தால் சிவந்துவிடும். தோள்வரை மட்டும் தெரிய நெருக்கமாக எடுக்கும் படங்களில், பூங்கொத்து கொஞ்சம் உயர்ந்துவிட்டால் கவுன் போட்டதே தெரியாது. படம் பிடிப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். தோளை மூட வேண்டும் என்று கேட்கிற பங்குகள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. 2011 ஏப்ரல் 29 அன்று இளவரசர் வில்லியமை மணந்த கேத்ரின், ஆலயத்துக்கு முழுக்கை லேஸ் கவுனில் வந்தார். அன்று மாலை விருந்துக்குப் பட்டையில்லாத கவுன், மேலே குட்டையாக ஒரு சட்டை. உங்கள் மகளுக்கு ஒரே கவுன் போதும். கவுனோடு அதே துணியில் ஒரு லேஸ் மேல்சட்டையும் தைத்துக்கொள்ளட்டும். கோவிலில் போட்டு, மண்டபத்தில் கழற்றலாம்.

மாப்பிள்ளை மே வெயிலில் மூன்று துண்டு கோட் சூட்டில் வேகப் போகிறார். அது நம் பண்பாடா என்று உங்களில் ஒருவரும் எனக்கு எழுதவில்லை.

கடைசி அளவைத் திருமணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பாருங்கள். அதற்குள் மகள் இளைத்திருப்பாள். அன்று அவள் கையைத் தூக்கட்டும், முழங்காலிடட்டும், தாலிக்குக் குனிவதுபோல் குனியட்டும். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இறுகக் கட்டிப்பிடித்து அழக்கூடிய அத்தை ஒருத்தி இருந்தால்தான் அந்தக் கவுன் நிற்குமா என்று தெரியும்.