பயிற்சி முடிந்தது, ஸ்கேனர் வாங்கலாமா?

வணக்கம் ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு நான் செயலாளர். பழைய பத்திரிகைத் தொகுப்புகள், திருவிழா நோட்டீஸ்கள், நாடகக் குழுப் புகைப்படங்கள் என்று இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. உள்ளூர்ப் பண்பாட்டு நிறுவனங்களுக்கான மின்னாக்கப் பயிற்சி என்று ஆன்லைனில் இலவசமாக நடத்தினார்கள். முழுக்க ஆங்கிலம். முட்டி மோதி முடித்து, சான்றிதழையும் லேமினேட் செய்து மாட்டிவிட்டோம். ஆனால் பீரோவைத் திறந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. ஓர் அன்பர் ஒரு லட்சம் தருகிறேன் என்கிறார். ஸ்கேனர் வாங்கிவிடலாம் என்கிறது கமிட்டி. இந்த மாதிரிப் பயிற்சியால் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

க., கடலூர்

அன்புள்ள க.,

சான்றிதழை லேமினேட் செய்தது சரி. நோட்டீஸ்களை மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கெடாமல் பிரிப்பது நடக்காத காரியம். ‘பத்திரப்படுத்தியிருக்கிறோம்’ என்று பெருமையாகக் காட்டப்பட்ட இப்படியான சடலங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயன் உண்டு. அமெரிக்காவின் டிஜிட்டல் பொது நூலகமான டிபிஎல்ஏ, சிறிய பொது நூலகங்களுக்காக இலவசமாக வெளியிட்ட சுயபயிற்சிப் பாடத்தில் ஆறு பகுதிகள். திட்டமிடல், எதை எடுப்பது என்ற தேர்வு, பதிப்புரிமை, மெட்டாடேட்டா (ஒவ்வொரு பொருளையும் பற்றிய விவரக் குறிப்பு) எல்லாம் தாண்டிய பிறகுதான் ஸ்கேன் செய்யும் பாடம் வரும். நம் கமிட்டிகள் நேரே அங்கிருந்துதான் தொடங்கும், அதுவும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து. வரிசையைக் கற்றுக்கொண்டீர்கள் என்றால் பயிற்சி வீணில்லை.

ஆனால் அந்த மெட்டாடேட்டா பாடம் உங்கள் பீரோவுக்கு முன்னால் திணறும். தேதி என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். நோட்டீஸில் ‘விபவ வருஷம் தை மாதம்’ என்று இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் விபவ 1868லும் வரும், 1928லும் வரும். தை என்பதால் ஒன்று கூட்டி 1869 அல்லது 1929. எது? ‘எலெக்ட்ரிக் லைட் அலங்காரம்’ என்று ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், பின்னது. இல்லையென்றால் அடியில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். தேதியோடு கிழமையும் போட்டிருந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்த்துவிடலாம். நோட்டீஸில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்திலும், நீங்கள் கண்டுபிடித்த ஆங்கில ஆண்டை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். ஊர்ப்பெயருக்கும் இதே கதைதான். திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர், கடலூர் என்.டி. (நியூ டவுன்) என்று எப்படி இருந்தாலும் உங்கள் ஊர்தானே? ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றையும் அதே பதிவில் சேர்க்காவிட்டால், தேடுகிறவர் கையில் பாதிதான் அகப்படும்.

ஆகவே முதலில் ஒரு கெட்டி அட்டை நோட்டு. வரிசை எண், என்ன பொருள், தேதி, தாளின் நிலை. நோட்டில் 147 என்றால் ஃபைலின் பெயரும் 147தான். பொருளின் மேல் எண் போட மென்மையான பென்சில் போதும், பேனா கூடாது.

எடுக்கும் வரிசையில் புகைப்படங்கள் முந்தட்டும். அச்சுப் புத்தகத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும். அரசுடைமையான நூல்களில் நிறைய ஏற்கெனவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கின்றன. அதையே மறுபடி ஸ்கேன் செய்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்காதீர்கள். நாடகக் குழுப் படத்தில் ராஜபார்ட் வேஷத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் உங்கள் தெருவில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், எண்பதைத் தாண்டியிருப்பார்கள். படத்தை போனில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போங்கள், சொல்வதைப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய பெயரும் அங்கேதான் இருக்கும்.

இனி மெஷின். புகைப்படத்துக்குச் சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்). பைண்டு செய்த தொகுப்பை அதில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும். அதற்கு மேலிருந்து பார்க்கும் கேமரா, ஸ்டாண்ட், இரு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்குகள் போதும். துருப்பிடித்த குண்டூசிகளை முதலில் பொறுமையாக எடுத்துவிடுங்கள். எந்த வீடியோவிலும் வராத ஒரு சிக்கல் கடலூரில் உண்டு: ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் நெற்றி வியர்வை தாளில் சொட்டும். காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

ஏ4 அளவுப் பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படஃபைலாக, சுமார் 26 எம்பி வரும். இருநூறு பக்கம் என்றால் ஐந்து ஜிபி. இதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி ‘சேமித்துவிட்டோம்’ என்று நினைக்கக் கூடாது, அது சுருக்கித்தான் அனுப்பும். மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று கட்டாயம் வெளியூரில். 2011 டிசம்பர் 30ஐ அனுபவித்த ஊருக்கு ‘தானே’ புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இடத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்றும் இருக்க வேண்டாம். 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆன்லைன் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன.

ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படிக்கும் ஓசிஆர் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை ‘லை’யையும் ‘ணை’யையும் பார்த்தால் அது தடுமாறும். பதிப்புரிமை விஷயத்தில் மட்டும் கவனம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம்.

ஒரு நாள் பாண்டிக்கு பஸ் ஏறுங்கள். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் அங்கே இருக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. அவற்றில் பெரும்பகுதி இருப்பது அங்கேதான். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, சுவடியையும் படத்தையும் எப்படிக் கையில் எடுக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்பரின் பணத்தில் பாதிக்குள் ஸ்கேனர், ஸ்டாண்ட், விளக்கு, மூன்று ஹார்ட் டிஸ்க் எல்லாம் அடங்கிவிடும். கேமராவை உறுப்பினர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மீதியை, வாரக் கடைசியில் வந்து உட்கார்ந்து நோட்டு எழுதும் ஒரு கல்லூரி மாணவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். பெயர் பொறித்த மெஷின் எங்கே என்று அன்பர் கேட்டால், பீரோவின் மேல் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடலாம்.