பெயரை எடுத்துவிட்டால் கணக்கு எங்கே? தகவல் உரிமை கேள்வி பதில்

ஓர் அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். ஓய்வு பெற்றபின், தகவல் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் மனு எழுதத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன் இரண்டு விஷயம். மனுவோடு ஆதார் நகலை வைக்காதீர்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் ஊராட்சியில் போட்ட சாலை ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று மனு போட்டேன். "இது தகவல் அல்ல" என்று திருப்பிவிட்டார்கள்.

பதில்: சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஏட்டில் இருப்பதைத் தர வேண்டும் என்பதுதான் சட்டம், விளக்கம் தர வேண்டும் என்பதல்ல. மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகம் (எம்.புக் என்றால் உடனே புரியும்), பில், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யின்படி நடந்த வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறலாம். அந்தச் சாலையின் மாதிரியையே கேளுங்கள் தம்பி.

கேள்வி: கட்டணம் எவ்வளவு?

பதில்: 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை, அதற்கான சான்றை இணைக்க வேண்டும்.

கேள்வி: மேடம், என் கணவர் அரசு ஊழியர். ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. அவருடைய சம்பளமும் வருமான வரிக் கணக்கும் ஆர்.டி.ஐ.யில் கிடைக்குமா?

பதில்: அரசு ஊழியர்களின் மாதச் சம்பளம் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டிய விவரம், பிரிவு 4 அப்படித்தான் சொல்கிறது. வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த வழியில் நாட்களை வீணாக்காதீர்கள். இதைவிட நேர்வழி உங்களுக்கு உண்டு. 2020 நவம்பர் தீர்ப்பின்படி ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞரிடம் இதை இந்த வாரமே பேசுங்கள் அம்மா.

கேள்வி: நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் (வேலை செய்தவர்களின் வருகை, கூலிப் பட்டியல்) நகல் கேட்டேன். "தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)யின்படி மறுக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தகவல் உரிமை என்ற கோரிக்கையே மஸ்டர் ரோலிலிருந்து வந்ததுதான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு மக்களைக் கூட்டி, கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தது. செத்துப் போனவர் பெயரில் கூலி, ஊரைவிட்டே போனவர் பெயரில் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெயரை வாசித்ததால்தான் திருட்டு தெரிந்தது. "42 பேருக்குக் கூலி கொடுத்தோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் எழுந்து "அது நானில்லை" என்று சொல்லியிருக்க முடியும்? 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் சமூகத் தணிக்கைக்காக மஸ்டர் ரோலைக் கிராம சபையின் முன் வைக்கச் சொன்னது.

இப்போது ஏன் மறுக்கிறார்கள்? பழைய 8(1)(ஜே)யில் நிபந்தனைகள் இருந்தன. பொதுப் பணிக்கோ பொது நலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023இன் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 44(3) வழியாக இதையெல்லாம் எடுத்துவிட்டு "தனிநபர் தகவல்" என்ற அளவில் நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மறுக்க நினைக்கிற அலுவலர் இனி காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொது நலன், பாதிப்பைவிடப் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம். மேல்முறையீட்டில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தரவுப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். கூலி வாங்கும் ஏழையின் பெயரை மட்டும் ஏன் ஊரே பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. நீங்கள் சொல்லும் அந்தப் புட்டசாமி வழக்கின் தீர்ப்பை நானும் மதிக்கிறேன். அதிலேயே தனியுரிமை எல்லையற்ற உரிமை அல்ல என்றும் இருக்கிறது.

நம் ஊர் வழக்கு ஒன்று உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடக் கூடாதென்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம், பிறர் தலையீடின்றித் தனித்திருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதே தீர்ப்பில், பொது ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்த உரிமை பொருந்தாது என்றும், அரசு ஊழியர் தன் கடமை சார்ந்த செயலை அந்தரங்கம் என்று மூட முடியாது என்றும் சொன்னது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும் அப்போதும் காக்கச் சொன்னது. நான் போடும் கோடும் அதுதான். பொதுப் பணமும் பொது அதிகாரமும் எங்கே போனது என்று காட்டும் பெயர் கணக்கின் பகுதி. உடம்பு, நோய், குடும்பம் பற்றியதெல்லாம் அவரவருடையது.

கேள்வி: (அதே தம்பி) கோடு போடுவது சுலபம் அக்கா. முதியோர் உதவித்தொகைப் பட்டியல் வெளியே போனதும் மோசடிக்காரன் பாட்டிக்குப் போன் செய்கிறான். அதற்கு யார் பொறுப்பு?

பதில்: அப்படி ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். பணியில் இருந்தபோது உதவித்தொகைப் பட்டியல் ஒன்றைக் கைபேசி எண்ணோடும் வங்கிக் கணக்கு எண்ணோடும் அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தேன். சில நாளில் ஒரு விதவைத் தாய் அலுவலகம் வந்து, யாரோ தன் கணக்கு எண்ணைச் சொல்லியே போனில் மிரட்டுவதாக அழுதார். அந்த அம்மாவின் முகத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிரிவு 10ஐப் படியுங்கள். மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தருவதற்கென்றே இருக்கிற பிரிவு அது. அன்று நான் அந்த இரண்டு எண்களை மறைத்திருக்க வேண்டும், பட்டியலையே பூட்டியிருக்கக் கூடாது. கணக்கு எண்ணை வைத்துத் திருடுகிறவனுக்குப் பயந்து பெயரையும் மறைத்தால், போலிப் பெயர் சேர்த்துத் திருடுகிறவன் தப்பிவிடுவான். அந்த அம்மாவுக்கு வரவேண்டிய பணம் போவதும் அவன் கையில்தான்.

கேள்வி: (அதே தம்பி) எண்களை மறைத்துவிட்டு, பெயரையும் தொகையையும் மட்டும் தருவதென்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைத் தேடுபொறியில் சிக்கும்படி இணையத்தில் போடக் கூடாது.

பதில்: நோய், ஊனம் சார்ந்த உதவி என்றால் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அந்தப் பட்டியலில் பெயரே ஒருவரின் உடல்நிலையைச் சொல்லிவிடும். கூலிக் கணக்கு இணையத்தில் இருந்தே ஆக வேண்டும். சென்னையில் கூலி வேலைக்குப் போனவர், தன் பெயரில் ஊரில் யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா என்று வேறெப்படிப் பார்ப்பார்? இதை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மனு கொடுக்கப் போனால் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்பது பிரிவு 6(2). வீட்டு முகவரி தரப் பயமாக இருந்தால் தபால் பெட்டி எண் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் எழுதச் சொல்கிறார்கள்.

பதில்: அதுவும் 6(2)தான். காரணம் சொல்லத் தேவையில்லை. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதி, சில நாளிலேயே அந்த வரிகளைத் தானே நீக்கியது.

கேள்வி: ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதலாமா?

பதில்: வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், ஆதார் வேண்டாம்.

கேள்வி: மருமகள் அரசு மருத்துவமனையில் என்ன சிகிச்சை எடுத்தாள் என்று அறிய முடியுமா?

பதில்: முடியாது. முடியவும் கூடாது.

கேள்வி: என் தேர்வு விடைத்தாளைப் பார்க்கலாமா?

பதில்: உங்களுடையதைக் கேட்கலாம், 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. போட்டித் தேர்வு நடத்தும் ஆணையங்களில் பிற்காலத் தீர்ப்புகளால் சிக்கல் வரலாம். பக்கத்து இருக்கைக்காரருடையது உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: நிலம் வாங்கப்போகிறேன். உரிமையாளர் விவரம் ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா?

பதில்: அதற்கு வில்லங்கச் சான்று இருக்கிறது. பதிவுத் துறையில் கேளுங்கள்.

கேள்வி: 30 நாள் முடிந்தும் பதில் வரவில்லை. ஏன் என்று கேட்டு இன்னொரு மனு போடவா?

பதில்: "ஏன்" வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டிய தகவலை இலவசமாகத் தர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம், அதை அலுவலர்தான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மஸ்டர் ரோல் கேட்டவன்தான் அக்கா. மேல்முறையீட்டில் என்ன எழுத வேண்டும் என்று வரியாகவே சொல்லிவிடுங்களேன்.

பதில்: இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: "நான் கோருவது பொதுப் பணம் செலவான கணக்கு. பிரிவு 10இன்படி ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றை மறைத்து, பணியாளர் பெயர், வேலை செய்த நாட்கள், வழங்கிய கூலி ஆகியவற்றைத் தரவும். போலிப் பெயர்களில் கூலி வழங்கப்பட்டதா என்று ஊர் மக்கள் சரிபார்ப்பதில் உள்ள பொது நலன், பெயர் வெளியாவதால் வரும் பாதிப்பைவிடப் பெரிது என்பதால் பிரிவு 8(2)இன்படி வெளியிட வேண்டுகிறேன். மறுப்பதானால் இந்த இரண்டையும் எடைபோட்ட விவரத்தை உத்தரவில் பதிவு செய்யவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆணையத்துக்குப் போகும்போது உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அதுதான்.