வெனிஸில் மூன்று இரவு: மேஸ்த்ரேயா, தீவா?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். வரும் மே மாதம் நான், கணவர், 15 வயது மகள், 70 வயது மாமியார் என நான்கு பேர் இத்தாலி போகிறோம். ரோம், ஃப்ளோரன்ஸ் முடித்து கடைசி மூன்று இரவு வெனிஸ்; ஊர் திரும்பும் விமானமும் அங்கிருந்துதான். பக்கத்திலுள்ள மேஸ்த்ரேயில் நால்வர் தங்கும் அறை இரவுக்கு 150 யூரோ என்கிறார் ஏஜென்ட். கணவருக்கோ வெனிஸ் தீவுக்குள்ளேயே தங்க ஆசை. அவர் பார்த்து வைத்திருக்கும், சமையலறையுள்ள வீடு இரவுக்கு 260 யூரோ. துப்புரவுக் கட்டணம் தனியாக 70. கிட்டத்தட்ட 40,000 ரூபாய் கூடுதல். ஜூனில் மகளின் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வைத்திருக்கும் எஃப்.டி.யை உடைத்தால்தான் முடியும். மாமியாருக்கு மூட்டுவலி. ஆனாலும் பதுவை அந்தோணியார் கோயிலைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். விசா இன்னும் வரவில்லை. முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் அறைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எஃப்.டி. அதைத் தொடாதீர்கள். மே மாதம் செலவழித்துவிட்டு ஜூனில் பள்ளிக்குக் கட்டப் பணம் தேடும் நிலை வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டி அப்புறம் இ.எம்.ஐ. ஆக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். பயணத்துக்கென்று ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே இதை முடிக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், நீங்கள் சொல்லும் 40,000 அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டு வந்த தொகை.

மேஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கும் சாதாரண நகரம். நிர்வாகக் கணக்கில் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததுதான். அதனால்தான் அங்குள்ள ஹோட்டல்கள் தயங்காமல் பெயரில் ‘வெனிஸ்’ என்று போட்டுக்கொள்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 30121 முதல் 30135 வரை என்றால் தீவுப் பகுதி (லீடோ, ஜுதேக்கா என்ற பக்கத்துத் தீவுகளும் இதில் வந்துவிடும்). 3017-இல் தொடங்கினால் மேஸ்த்ரே அல்லது அதை அடுத்துள்ள மர்கேரா. மேஸ்த்ரேயிலிருந்து தீவுக்கு ரயிலில் பத்து நிமிடம்தான், டிக்கெட்டும் ஒன்றரை யூரோ அளவில்தான். டிராமும் உண்டு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

செலவு ஆரம்பிப்பது தீவில் கால் வைத்த பிறகு. வெனிஸில் பஸ், ஆட்டோ எதுவும் கிடையாது; நடக்க வேண்டும், இல்லையென்றால் வாப்போரெத்தோ என்ற படகில் ஏற வேண்டும். படகு டிக்கெட் ஒரு முறைக்கு 9.50 யூரோ, அதுவும் 75 நிமிடத்துக்கு. எனவே பாஸ்தான் சரி. 24 மணி நேரத்துக்கு 25 யூரோ, 72 மணி நேரத்துக்கு 45. மகளுக்கு ‘ரோலிங் வெனிஸ்’ அட்டை எடுத்தால் (6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு) 72 மணி நேரப் பாஸ், அட்டை விலையோடு சேர்த்து 33 யூரோ. மேஸ்த்ரேயில் தங்கினால் நால்வருக்கும் இந்த 72 மணி நேரப் பாஸ் தேவைப்படும்: 168 யூரோ. ஒரு நல்ல விஷயம், மேஸ்த்ரே டிராமும் பஸ்ஸும் அதிலேயே அடங்கும்.

தீவில் சரியான இடத்தில் தங்கினால் ஒரு நாள் பாஸ் போதும்: நால்வருக்கு 100 யூரோ. மற்ற நேரமெல்லாம் நடைதான்.

உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை அந்தச் ‘சரியான இடம்’தான் முக்கியம். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, பெரும்பாலும் படி ஏறி இறங்குபவை. ‘சான் மார்கோ சதுக்கத்துக்கு ஐந்து நிமிடம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். நடுவில் எத்தனை பாலம் என்று இருக்காது. முகவரியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தெருப் பெயருக்குப் பதில் பேட்டையின் பெயரும் நான்கு இலக்க எண்ணும்தான் பெரும்பாலும் இருக்கும். கணவர் பார்த்திருக்கும் வீட்டுக்காரரிடம் நான்கே கேள்வி கேளுங்கள்: எந்தப் படகு நிறுத்தம், அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம், வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா? பழைய கட்டடங்களில் லிஃப்ட் அபூர்வம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள், விலை பாதியாக இருந்தாலும்.

நான் பார்க்கச் சொல்வது கன்னரேஜோ பேட்டையில், தீவின் ரயில் நிலையமான சாந்தா லூச்சியாவை ஒட்டிய பகுதி. நிலையத்தை விட்டு வெளியே வந்து இடதுபுறம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா தெரு. குல்யே பாலம் வரை ஒரு படி கிடையாது. பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். அழகில் மற்ற பேட்டைகளுக்கு ஒரு படி கீழேதான், நினைவுப் பொருள் கடைகளும் அதிகம். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு இதைவிட வசதியான இடம் அந்த ஊரில் குறைவு. கணவரின் வீடு இங்கே இல்லையென்றால் இங்கே வேறு தேடுங்கள். லீடோ தீவும் சமதரைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் படகு ஏற வேண்டும்; பாஸ் செலவு மேஸ்த்ரே கணக்குக்கே திரும்பிவிடும்.

அடுத்தது பதுவை. ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸ் வரும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஏஜென்ட் திட்டப்படி நீங்கள் அதைக் கடந்து மேஸ்த்ரேக்கு வந்து, மறுநாள் திரும்ப அங்கே போய், மறுபடி மேஸ்த்ரேக்கு வர வேண்டும். எதற்கு? முதல் இரவை பதுவையிலேயே போடுங்கள். நிலையத்திலிருந்து கோயில் நிறுத்தத்துக்கு டிராம் போகிறது. கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. புனிதரின் கல்லறைப் பளிங்கில் கை வைத்து வரிசையாக நின்று வேண்டுவார்கள்; ரயிலைப் பிடிக்கும் அவசரமில்லாமல் மாமியார் மாலையில் அங்கே நிற்கட்டும். மறுநாள் காலை அரை மணி நேர ரயிலில் வெனிஸ். (ஜூன் 13 திருவிழாவை ஒட்டி அந்த ஊரில் இடம் கிடைப்பது கடினம், உங்கள் மே மாதத்துக்கு அந்தக் கவலை இல்லை.)

இப்போது கூட்டிப் பார்ப்போம். பதுவையில் ஓர் இரவுக்கு மேஸ்த்ரே விலையையே வைத்துக்கொள்வோம், 150. தீவு வீடு இரண்டு இரவு 520, துப்புரவு 70, படகு 100. மொத்தம் 840 யூரோ. ஏஜென்ட் திட்டம்: அறை 450, படகு 168, பதுவைக்குப் போய்வர நால்வருக்கு ரயில் சுமார் 30. மொத்தம் 648. வித்தியாசம் 192 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 19,000 சொச்சம். தீவில் ஓர் இரவைக் குறைத்ததால்தான் இவ்வளவு இறங்கியது என்பது உண்மை. ஆனால் அந்த இரவு வீணாகவில்லை.

அந்த 19,000-க்கு என்ன கிடைக்கிறது? வெனிஸுக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். கூட்டம் கலைந்த பிறகான ஊரும் காலை ஏழு மணி ஊரும் தீவில் தங்குகிறவர்களுக்குத்தான். இரண்டாவது, மதிய ஓய்வு. மேஸ்த்ரேயில் தங்கினால் காலையில் கிளம்பிய மாமியார் இரவு வரை வெளியில்தான். கால் வலிக்கிறது என்று சான் மார்கோ சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்தால் அபராதம் போடுவார்கள். கஃபே நாற்காலியில் உட்கார்ந்தால் காபி விலையே வேறு. பொதுக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 1.50 யூரோ. வீடு பக்கத்தில் இருந்தால் ஒரு மணிக்கு வந்து படுத்துவிட்டு நான்கு மணிக்கு மறுபடி கிளம்பலாம், ராத்திரி கஞ்சியும் வைத்துக் கொடுக்கலாம்.

பணத்தை எங்கே பிடிப்பது? கொண்டோலா (வெனிஸின் துடுப்புப் படகு) சவாரியை விட்டுவிட்டால் பகல் கட்டணம் 90 யூரோ மிச்சம், அதாவது 9,000 ரூபாய். ஆசையாக இருந்தால் போங்கள், ஆனால் அது ஆளுக்கு அல்ல, படகுக்குக் கட்டணம். ஐந்து பேர் வரை ஏறலாம். ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து கார்டு. பல இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. கட்டணம் குறைந்த கார்டையோ முன்பே யூரோ ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையோ வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இயந்திரம் ‘ரூபாயிலா, யூரோவிலா?’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யூரோ. இவ்வளவு செய்தும் 19,000 தேறவில்லை என்றால் மேஸ்த்ரேக்கே போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சில சில்லறைகள். தங்கும் வரி ஆளுக்கு இரவுக்கு 1 முதல் 5 யூரோ வரை. பெரும்பாலும் அறை விலையில் சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும். உங்கள் மகளுக்குப் பாதி. 2024-இல் கொண்டுவந்த பகல் நுழைவுக் கட்டணம் (குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ, கடைசி நேரத்தில் எடுத்தால் 10) தீவிலோ மேஸ்த்ரேயிலோ இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. ஆனால் விலக்கை இணையத்தில் முன்பதிவு செய்து கையில் வைத்திருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும், 2025 முதல் கட்டாயம். இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஏஜென்ட் வழியாகப் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார், ரசீதில் வருமான வரி கட்டுகிறவரின் பான் எண் இருக்கட்டும், அப்போதுதான் ரிட்டர்னில் கழித்துக்கொள்ள வசதி.

கடைசியாக அந்தப் பத்து சதவீதம். 450 யூரோவில் 45 மிச்சம். உங்கள் விசா இன்னும் வரவில்லை. விசா கிடைக்காவிட்டாலோ தேதி தள்ளினாலோ அந்தத் தள்ளுபடி அறைக்குக் கட்டிய 405 யூரோ திரும்பாது. பெரியவர்களுக்குத் தலா 90 யூரோ விசா கட்டணமும் அப்படித்தான். விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்டினால் போதும், அது ரத்து செய்யக்கூடியதாகவே இருக்கலாம். அதனால் இப்போது பதுவையிலும் வெனிஸிலும் இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்று மலிவான, ரத்து செய்ய முடியாத விலை இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.