கிட்டாரைத் திறக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் கடையில் புதிதாக ஒரு ஹாலோ பாடி (உள்ளே கூடாக இருக்கும்) எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஹம்பக்கர் வகை; மேலே எஃப் வடிவத்தில் இரண்டு துளைகள். ஒரு மாதமாக சத்தம் விட்டுவிட்டு வருகிறது. கடையில் காட்டினால், "வயரிங் முழுக்க மாத்தணும், 7,000 ரூபாய் ஆகும், வாரண்டியில் வராது" என்கிறார்கள். கொடுக்கலாமா, நானே பிரித்துப் பார்க்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பழுது எங்கே என்பதைத் திறக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வேறு கேபிள், முடிந்தால் வேறு ஆம்ப்ளிஃபயர் போட்டுப் பாருங்கள். அப்புறம் வால்யூமை முழுதாக வைத்து, ஜாக்கில், அதாவது கிட்டாரில் கேபிள் செருகும் துளையில், செருகிய பின்னை மெல்ல அசையுங்கள். சத்தம் போய்ப் போய் வந்தால் ஜாக்தான். குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், குமிழுக்கு அடியில் சுழலும் 'பாட்' என்ற பாகத்தில் தூசி. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் ஒரு நிலையில் மட்டும் சத்தம் செத்தால் சுவிட்ச், அல்லது அந்தப் பக்கத்து பிக்கப்.

அடுத்தது மல்டிமீட்டர். கேபிளின் ஒரு முனையை கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் இரு கம்பிகளை வையுங்கள். 20 கே (20 கிலோ ஓம்) அளவில், வால்யூம் முழுதாக இருக்கும்போது, சாதாரண ஹம்பக்கருக்கு 7 அல்லது 8 கிலோ ஓம் காட்டும். சுவிட்சை நடுவில் வைத்தால் ஏறக்குறைய பாதி. எண்ணே வராவிட்டால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட். பின்னை அசைக்க எண் துள்ளுகிறதா? அதை அப்படியே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பேசும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

என் கணிப்பு, ஜாக். என் கிட்டாரில் ஜாக்கின் நட் லூசாக இருந்ததைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் ஜாக் உள்ளே கொஞ்சம் சுழன்றிருக்கிறது. கடைசியில் சால்டர் வைத்த இடத்திலேயே வயர் முறுக்கி அறுந்துவிட்டது. மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு ஜாக்.

இந்த வகை கிட்டாரில் உதிரிப் பொருளைவிட கைவேலைக்குத்தான் காசு. பல மாடல்களில் பின்பக்கம் மூடியே கிடையாது. 1958-இல் வந்த கிப்சன் ஈ.எஸ்-335 போல நடுவில் மரக்கட்டை ஓடும் செமி ஹாலோ என்றால் இன்னும் நெருக்கடி. பாட், சுவிட்ச், ஜாக் எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகவோ பிக்கப்பைக் கழற்றிய இடம் வழியாகவோதான் வெளியே எடுக்க வேண்டும். வேலை தெரிந்த மெக்கானிக் நட்டைக் கழற்றும் முன்பே ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் நூல் கட்டிவிடுவார், அல்லது மெல்லிய ரப்பர் குழாயைச் செருகிவிடுவார். வேலை முடிந்ததும் அதைப் பிடித்து இழுத்தால் பாட் தன் துளைக்கே வந்து சேரும். நூல் இல்லாமல் கழற்றினால், இருட்டுக்குள் தடவித் தடவி மீன் பிடிக்கிற வேலைதான். அதனால்தான் நீங்களே கை வைக்க வேண்டாம் என்கிறேன். திறந்துவிட்டால், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்லக் கடைக்கும் வழி கிடைத்துவிடும்.

இனி கடைக்குப் போங்கள். வாரண்டி அட்டையில் எலக்ட்ரானிக்ஸுக்கு எத்தனை மாதம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். எந்தப் பாகம் பழுது, ஏன் வாரண்டியில் வராது, பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "முழு வயரிங்" என்பது விலைதான், நோய்க்குப் பெயர் அல்ல. எழுதித் தர மறுத்தால், பில்லையும் வீடியோவையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

வாரண்டி உண்மையிலேயே இல்லை என்று தெரிந்தால், வேறொரு மெக்கானிக்கிடம் ஜாக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எப்படியும் உள்ளே போகிறார், பாட்களுக்கும் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்துவிடச் சொல்லுங்கள். பழைய ஜாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன், உங்கள் கேபிளையே செருகி, சுவிட்சின் மூன்று நிலையிலும் வாசித்துப் பாருங்கள்.